அமைச்சரின் மைத்துனனும் ஆயிரத்தொன்பது இலையும்

எந்த நாடு, எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். முன்னொரு காலம், அவ்வளவுதான். ராஜாவின் பெயர் இளங்கேது. அவருக்கு வரிசை என்றால் பைத்தியம்.

அவருடைய பிறந்தநாள் விருந்துக்கு வழக்கமாக அவரையும் சேர்த்து ஆயிரத்தெட்டு பேர். பந்திகள் எல்லாம் ஒரே அளவு. ஒன்றில் ஓர் இலை கூடினாலும் ராஜா எழுந்து போய்விடுவார்.

அந்த வருஷம் விருந்துப் பொறுப்பு விகடகவி மாசிலானிடம் வந்தது. அமைச்சர் கார்மேகனாருக்கு வயிறு எரிந்தது. விருந்தன்று காலையில் தன் மைத்துனனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அரசே, இவனும் தங்கள் விருந்தாளி. மொத்தம் ஆயிரத்தொன்பது."

"யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. இன்னொருவரைச் சேர்க்கவும் கூடாது. யாரும் தனியாக உட்காரவும் கூடாது" என்றார் ராஜா. "மாசிலான், பந்தி சமமாக இல்லாவிட்டால் மொட்டையடித்து, கழுதை மேல் ஏற்றி நாடு கடத்துவேன்!"

மாசிலான் ஆயிரத்தொன்பது கூழாங்கற்களைப் பரப்பினான். இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, ஏழேழாக... எப்படிப் பிரித்தாலும் கல் மிஞ்சியது.

"என்ன விகடகவியாரே, கழுதைக்குப் புல் போடச் சொல்லட்டுமா?" என்றார் அமைச்சர்.

"சொல்லுங்கள். வாயில்லா ஜீவன், பாவம்."

உச்சிப்பொழுது. யானைத் திடலுக்கு வந்த ராஜா திகைத்து நின்றார்.

திடலைச் சுற்றி ஒரே வட்டமாக ஆயிரத்தொன்பது இலைகள்! முதல் இலை ராஜாவுக்கு. அவருக்கு வலப்பக்கம், இரண்டாவது இலையில் அமைச்சர். வட்டம் சுற்றிவந்து ராஜாவின் இடப்பக்கம் முடிந்த கடைசி இலையில் மைத்துனன்.

"இது என்ன?"

"பந்தி, அரசே. ஒன்றே ஒன்று. இது எந்தப் பந்தியைவிடக் கூடுதல்? எதைவிடக் குறைவு? காட்டுங்கள், கழுதை ஏறுகிறேன்."

ராஜாவின் மீசை துடித்தது. அமைச்சர் குறுக்கே பாய்ந்தார்.

"ஏமாற்று வேலை, அரசே! பாயச அண்டாவை மாட்டு வண்டியில் ஏற்றி வட்டம் சுற்றச் சொல்லுங்கள். தங்கள் இலையில் தொடங்கி, பன்னிரண்டு பன்னிரண்டு இலை தள்ளி ஒரு கரண்டி. யாருக்கும் விடுபடக் கூடாது. யாருக்கும் இரண்டு முறை விழக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும். தவறினால் கழுதைதான்" என்றார் ராஜா.

அமைச்சர் மனக்கணக்குப் போட்டிருந்தார். ஆயிரத்தெட்டில் பன்னிரண்டு சரியாக எண்பத்துநான்கு முறை அடங்கும். ஒரே சுற்றில் வண்டி ராஜாவிடமே திரும்பிவிடும். ஓர் இலை கூடினால் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?

வண்டி கிளம்பியது. ராஜாவின் இலை. பதின்மூன்றாவது. இருபத்தைந்தாவது... சுற்று முடிந்தது. கரண்டி தாழ்ந்தது.

ராஜாவின் இலையில் அல்ல. பக்கத்தில், மைத்துனன் இலையில்!

அமைச்சரின் முகம் வெளுத்தது.

அடுத்த சுற்று பன்னிரண்டாவது இலையில் தொடங்கியது. அதற்கடுத்தது பதினொன்றாவதில். சுற்றுக்கு ஓர் இலை பின்வாங்கியபடி வண்டி வந்துகொண்டே இருந்தது. பதினோரு முறை நெய் மணம் அமைச்சரின் மூக்கைத் தாண்டிப் போனது. பன்னிரண்டாவது சுற்றில்தான் அவர் இலையில் பாயசம் விழுந்தது.

கடைசியில் ஆயிரத்தொன்பது பேர், ஆயிரத்தொன்பது கரண்டி!

"எப்படியடா?" என்றார் ராஜா.

"ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் பிரிக்க முடியாத எண்ணை அமைச்சரே தேடித் தந்தார், அரசே. பிரியாத எண்ணில் எந்தத் தாவலும் பாதியில் அடைபடாது. எழுநூறு இலை தாண்டினாலும், எல்லோரையும் தொட்ட பிறகுதான் வண்டி தங்களிடம் திரும்பும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டார். பிறகு வலப்பக்கம் திரும்பினார்.

"பாயசம் எப்படி, அமைச்சரே?"

"ஆறிவிட்டது, அரசே."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.