புது மண்ணுக்குள் பழைய பானை

உடைந்த பானையின் ஓட்டை இடித்துத் தூளாக்கிப் புதுக் களிமண்ணில் சேர்ப்பது சிக்கனத்துக்காக என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது பெரும் பிழை. நன்றாகப் படித்தவர்களே இதைக் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள் என்பது இன்னும் வருந்தத்தக்கது. நைஜர் ஆற்றுக்குத் தெற்கே பானை வனையும் பெண்களிடம் போய் இதைச் சொன்னால் அவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். கைவேலையை நிறுத்திவிட்டு, சொன்னவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்த காரணம் வேறு.

மண்ணும் தீயும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. புல்வெளி நடுவே ஒரு சிற்றூர். அங்கே தியெமோகோ என்ற கொல்லனுக்கு இரண்டு மனைவியர். மூத்தவள் நியேலே, இளையவள் கனிபா. அவன் இரும்பை அடிப்பான், அவர்கள் மண்ணைப் பிசைவார்கள். இரும்பு அவன் சொன்னதைக் கேட்டது. மண் இவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. எத்தனை அழகாக வனைந்து, எத்தனை பொறுமையாக நிழலில் உலர்த்தினாலும், கம்பந்தட்டை போட்டு மூடித் தீ வைத்ததும் உள்ளே படபடவென்று வெடித்துவிடும். ஊர் முழுவதும் சுரைக்குடுக்கையில்தான் தண்ணீர் குடித்தது.

வெடிக்காமல் வெளியே வந்தது ஒரே ஒரு பானை. அதை வனைந்தவள் நியேலேயின் மகள் ஸிரா. மார்போடு அணைத்துத் தூக்கக்கூடிய சின்னப் பானை. கழுத்தைச் சுற்றிலும் அவள் கட்டைவிரல் நகம் பதிந்த பிறைகள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஸிரா இறந்துபோனாள். ஊருக்கு மேற்கே ஒரு மரத்தடியில் அவளைப் புதைத்தார்கள். பானையை நியேலே தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அதில் யாரும் தண்ணீர் மொண்டதில்லை.

அந்த ஆண்டு மழை பாதியிலேயே நின்றது. ஊர்க்கூட்டம் முடிந்து வந்த தியெமோகோ, வாசலிலேயே நின்று சொன்னான்.

"குளம் வத்துறதுக்குள்ள தண்ணியை மொண்டு வச்சிக்கணுமாம். அதுக்கு இடுப்பளவு தாழி வேணும், வீட்டுக்கு வீடு. இல்லேன்னா ஊரோட கிளம்பி பேராத்தங்கரைக்குப் போறதுன்னு முடிவு."

"போனா திரும்பி வருவோமா?" என்றாள் நியேலே.

"கிளம்பிப்போன ஊரு எது திரும்பி வந்திருக்கு?"

நியேலே மேற்கே பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மண் வெட்டப் போனாள்.

தாழிகளை வனைந்தாள், உலர்த்தினாள், தீ வைத்தாள். வெடித்தன. சாம்பலைக் கலந்து பார்த்தாள். வெடித்தன. ஆற்று மணலைச் சலித்துக் கலந்தாள். முன்னைவிடச் சத்தமாக வெடித்தன.

முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற கனிபா சொன்னாள்: "இந்த மண்ணு நம்ம வீட்டுக்காரருக்கு உடன்பிறப்பா இருக்கும் அக்கா. கொஞ்சம் சூடு பட்டதும் குதிக்குதே."

வேறொரு நாளாக இருந்தால் நியேலே சிரித்திருப்பாள். இன்று சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பிசையாமல் மீதியிருந்த மண்கட்டியிடம் கேட்டாள்.

"உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

மண் எப்போதும் நிதானமாகத்தான் பேசும். அவசரப்பட்டுப் பேசினால் அது சேறு. "குறை ஒன்றுமில்லை. பயம். தீ உள்ளே வந்ததும் எனக்குள் இருக்கும் நீர் வெளியே ஓடப் பார்க்கிறது. வழி தெரியாமல் முட்டி மோதுகிறது. நான் கிழிந்துபோகிறேன்."

"ஸிராவோட பானை கிழியலையே?"

"அது சின்னது. சுவரும் மெல்லியது. நீர் எப்படியோ தப்பிப் போய்விட்டது. தாழியின் சுவருக்குள் அப்படிப் போக முடியாது. தீக்குள் போய் முழுசாக மீண்டு வந்த ஒருவர் என்னுள் இருந்து வழி காட்ட வேண்டும்."

நியேலே வெடித்துச் சிதறிக் கிடந்த ஓட்டாஞ்சில்லுகளைக் காட்டினாள். "இதெல்லாம் தீக்குள்ள போனதுதானே. இடிச்சுப் போடறேன்."

"அவை பாதி வழியிலேயே இறந்தவை. பயத்தைத் தவிர அவற்றுக்குச் சொல்ல எதுவும் தெரியாது."

 முழுசாக மீண்டு வந்தது எது என்று மண்ணுக்கும் தெரியும். கேட்க அதற்கு மனம் வரவில்லை.

நியேலே எழுந்து வீட்டுக்குள் போனாள். பானையை அணைத்துக்கொண்டு வெளியே வந்து உரலருகே நின்றாள். கனிபா ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினாள்.

"வேண்டாங்க்கா. போனாப் போகுது ஊரு. பானையைத் தூக்கிட்டு ஆத்தங்கரைக்கே போயிடலாம். நான் சுமக்கிறேன். அவ கூடவே வந்த மாதிரி இருக்கும்."

"இருக்கும்டி. ஆனா அவ அங்க படுத்திருக்கா. நான் போயிட்டா அந்த இடத்துல புல்லு பிடுங்க யாரு இருக்கா?"

கனிபா கையை எடுத்துக்கொண்டாள்.

நியேலே கழுத்திலிருந்த பிறைகளை ஒருமுறை விரலால் சுற்றித் தடவினாள். பானையை உரலுக்குள் இறக்கினாள். உலக்கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது; பிறகு இறங்கியது. கனிபா குழந்தையை அவிழ்த்துப் பாயில் கிடத்திவிட்டு இன்னொரு உலக்கையை எடுத்து வந்தாள். ஒருத்தி மாற்றி ஒருத்தி இடித்தார்கள். உலக்கை போடும்போது பாடுவது அந்த ஊர் வழக்கம். அன்று பாடவில்லை.

ஒவ்வொரு தாழி மண்ணிலும் அந்தத் தூளில் ஒரு பிடி சேர்த்துப் பிசைந்தாள் நியேலே. வனைந்து, காயவைத்து, ஒரு மாலைப்பொழுதில் தாழிகளைக் கவிழ்த்து அடுக்கித் தட்டையால் மூடினாள். தீயை வைத்தவளும் அவளே. ஊரே தள்ளி நின்று பார்த்தது.

தீ தட்டைக்குள் நுழைந்து தாழிகளைத் தொட்டது. வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டது.

"உள்ளே யார்?"

அதுவரை எந்தப் பானையும் அதற்குப் பதில் சொன்னதில்லை. இந்த முறை தாழிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உனக்குத் தெரிந்தவள்தான்."

தீ தணிந்த குரலில் "வா" என்றது. தெரிந்தவர் வீட்டுக்குள் நுழைவதுபோல மெல்ல நுழைந்தது. நீர் முட்டாமல் மோதாமல், காட்டிய வழியில் ஆவியாக வெளியேறியது. நியேலே காதைக் கொடுத்துக்கொண்டே நின்றாள். வெடிக்கும் சத்தம் வரவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று ஊரார் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நியேலே தீ அணையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

தாழிகள் சிவப்பாக, முழுசாக வெளியே வந்தன. விரலால் சுண்டினால் கணீரென்றன. குளம் வற்றுவதற்குள் ஊர் தன் தண்ணீரை மொண்டு நிரப்பிக்கொண்டது. யாரும் கிளம்பவில்லை.

அடுத்த கோடையில், நடக்கக் கற்றுக்கொண்டிருந்த கனிபாவின் மகன் ஒரு தாழியைப் பிடித்து எழப்போய் அதைச் சாய்த்து உடைத்தான். கனிபா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் நியேலேயைப் பார்த்துவிட்டு நின்றாள். நியேலே குனிந்து ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், ஒரு சில்லு விடாமல். பொறுக்கியதை உரலில் போட்டாள். "பையனுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் பழைய ஓட்டை இடித்துச் சேர்க்காமல் புது மண்ணைப் பிசையாதிருப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான். பானையை உடைத்த பிள்ளையை அங்கே அடிப்பதும் இல்லை.