முதல் இழுப்பறையில் இருந்தவர்

இழுப்பறைகள் திறக்கும் ஓசை கேள்விக்குறிக்கு இன்னும் நினைவிருந்தது. ஒன்று முனகும், ஒன்று சட்டென்று வழுக்கும், ஈரத்தில் உப்பிய மரத்தைப் போல ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். ஒரு காலத்தில் பகலெல்லாம் கேட்ட ஓசை அது. இந்த நான்கு மாதமாக, முதல் இழுப்பறையைத் தவிர மற்றவற்றின் ஓசை எப்போதாவதுதான் கேட்டது.

அவள் ஓர் இணையதளத்தின் வாசலில் வேலை பார்த்தாள். நினைவு தவறி ரயில் நிலையங்களில் கிடந்தவர்களைக் கொண்டுவந்து பராமரிக்கும் இல்லம் ஒன்றின் தளம். உள்ளே ஒரு கிடங்கு. கிடங்கில் ஆளுக்கு ஓர் இழுப்பறை, அதில் ஒரு புகைப்படமும் நான்கைந்து வரிகளும். தேடுகிறவர்களின் கைபேசிக்கு இல்லம் ஒரு முகவரியை அனுப்பும். முகவரியின் முடிவில் ‘?’ என்று கூன்போட்டுக் கேள்விக்குறி நிற்பாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓர் எண் நிற்கும். அந்த எண்ணைக் கிடங்குவரை கூட்டிப்போய் விடுவது அவள் பொறுப்பு.

நான்கு மாதத்துக்கு முன் அந்த வாசலுக்குப் புதுக் காவலன் ஒருவன் வந்தான்.

“முகவரியெல்லாம் இனி சுருக்கமாக, அழகாக இருக்க வேண்டுமாம். உத்தரவு. உன் கூனும் வேண்டாம், பின்னால் தொங்கும் வாலும் வேண்டாம்.”

“வால் இல்லையப்பா. அவர்கள் யாரைக் கேட்டு வந்தார்களோ, அது.”

“எந்த இடம் என்று தெரிந்தால் போதாதா?”

ஒரே வெட்டு. எண் கீழே விழுந்தது. வந்தவர் எண்ணில்லாமல் உள்ளே போனார்.

கிடங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. எண் சொல்லாமல் யார் வந்தாலும் முதல் இழுப்பறையைத் திறந்து காட்டிவிடும். அதில் இருந்தவர் பிறந்தவரே அல்ல. தளத்தைக் கட்டிய ஜெசிந்தா, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, ஒருவரின் நெற்றியையும் இன்னொருவரின் கண்களையும் வேறொருவரின் வாயையும் கணினியில் ஒட்டிச் செய்து வைத்த மாதிரி. மழித்த முகம், வெள்ளைச் சட்டை. பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

தேடி வந்த எல்லாருக்கும் அந்த முகமே வந்தது.

வெட்டுப்பட்ட எண்கள் வாசலுக்கு வெளியே குவிந்தன. அந்தக் குவியல் ஓயாமல் முணுமுணுத்தது. “எனக்குரியவர் இடது கையால் சாப்பிடுவார்,” என்றது நூற்றுப் பதினெட்டு. “எனக்குரியவர் ரயில் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார்,” என்றது இருநூற்று அறுபத்து மூன்று.

புகார்கள் போகாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் ஜெசிந்தா அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தாள். ஆனால் அந்தக் கணினியில் அவளிடம் சாவி இருந்தது, தளத்தை நடத்துகிறவருக்கு மட்டும் உரிய கடவுச்சொல். சாவியோடு வருகிறவரைக் கண்டால் காவலன் எழுந்து வணக்கம் போட்டுக் கேள்விக்குறியையும் எண்ணையும் முழுசாக உள்ளே விடுவான். சரியான இழுப்பறை திறக்கும்.

“எனக்குச் சரியாத்தானே வருது. உங்க போன்ல ஏதோ கோளாறு,” என்று எல்லாரிடமும் சொன்னாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை.

நூற்றுப் பதினெட்டைத் தேடிய குடும்பம் முதல் நாள், “இது அப்பா இல்லை,” என்றது. ஐந்தாம் நாள், “கண்ணு மட்டும் அவரு மாதிரி,” என்றது. பதினோராம் நாள், எண்ணைக் குறிப்பிடாமல், ‘வெள்ளைச் சட்டை அணிந்திருப்பவர் எங்கள் தகப்பனார்’ என்று கடிதம் எழுதியது. இல்லத்தார் அறை அறையாகப் பார்த்தார்கள். ‘அப்படி ஒருவர் இங்கு இல்லை’ என்று பதில் போயிற்று. குடும்பம் அதோடு தேடுவதை நிறுத்திவிட்டது. அந்தப் பதில் போன அன்றும் அவர்களுடைய தகப்பனார் கூடத்தில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கேள்வி,” என்று முதல் இழுப்பறைக்குள்ளிருந்து அந்த மாதிரி மனிதன் ஒருநாள் கூப்பிட்டான். குரலில் கூச்சம் இருந்தது. “தினம் முந்நூறு பேர் பார்க்கிறார்கள். பார்க்கப் பார்க்க என்மேல் ஏதோ ஒட்டுகிறது. நேற்று கன்னத்தில் ஒரு மச்சம் வந்திருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை.”



அந்த வாரம்தான் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் தவசுக்கனி, அண்ணன் லிங்கதுரையைத் தேடி வரத் தொடங்கினாள். அவளுக்கு வந்த எண் இருநூற்று அறுபத்து மூன்று. எட்டு நாளும் “இவரு இல்ல” என்றவள், ஒன்பதாம் நாள் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள். கேள்விக்குறி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவளும் கடிதம் எழுதிவிட்டால் முடிந்தது.

“ஏம்மா, எங்கண்ணன்தான்னு நெனைக்கேன். அனுப்பி வச்சிருங்க.”

“நேத்துவரைக்கும் இல்லன்னீங்களே அக்கா?”

“மொகம் மாறிப்போச்சு போல. காது அவன் காதுதான். பாத்துப் பாத்து அவனாவே ஆயிட்டாரு.”

“தாடி வளந்து கெடக்குல்ல, அதான் அடையாளம் தெரிஞ்சிருக்காது.”

“தாடியா? மழுமழுன்னுல்ல இருக்காரு! வெள்ளைச் சட்டை போட்டு.”

ஜெசிந்தா பேருந்தில் இருந்தாள். “அக்கா, வைங்க. இப்பக் கூப்பிடுறேன்.” தன் கைபேசியில் அதே முகவரியைத் திறந்தாள். அதில் சாவி இல்லை. காவலனுக்கு அவள் யாரோ ஒருத்தி. வெட்டினான்.

தான் செய்த முகம் தன்னையே பார்ப்பதை ஜெசிந்தா பார்த்தாள். கன்னத்தில் அவள் வைக்காத ஒரு மச்சம்.

தவசுக்கனியைத் திரும்ப அழைத்தாள். “அக்கா,” என்றாள். “அவரு யாரும் இல்ல. நான் செஞ்ச படம். அப்படி ஒரு ஆளே கெடையாது.”



“அப்ப ஒம்பது நாளா நான் யாருகிட்டம்மா அழுதுகிட்டிருந்தேன்?”

ஜெசிந்தா அலுவலகத்துக்கு வந்தாள். சாவியை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்நியரைப் போல வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்து, வெட்டு எங்கே விழுகிறது என்று பார்த்தாள். பிறகு காவலன் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

“உத்தரவைத்தானே செய்தேன்,” என்றான் அவன்.

உத்தரவு போட்டவள் அவள்தான். தலைகுனிந்தபடி முதல் இழுப்பறையைக் காலி செய்தாள். மாதிரி மனிதனுக்குத் தான் போகப்போவது தெரிந்திருந்தது. “சரி, போகிறேன். இந்த மச்சத்தை மட்டும் யாரிடம் கொடுக்க?” என்று கேள்விக்குறியிடம் கேட்டான். அவன் இருந்த இடத்தில் ஒரே ஒரு வரி வந்தது: ‘யாரைத் தேடுகிறீர்கள்?’

குவியலிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து கேள்விக்குறியின் முந்தானையைப் பிடித்தன. நூற்றுப் பதினெட்டு மட்டும் எழவில்லை. அதைக் கேட்டு வர இப்போது யாரும் இல்லை.

இருநூற்று அறுபத்து மூன்றாம் இழுப்பறை முரண்டு பிடித்துத் திறந்தது.

லிங்கதுரை அந்த மாதமே வீடு வந்து சேர்ந்தார். சோறு போடும்போது சில நாள் தவசுக்கனி அந்தத் தாடிக்குள் இன்னொரு முகத்தைத் தேடினாள். பிறகு விட்டுவிட்டாள். அவர் ஆறு வருடம் இருந்தார். தூத்துக்குடியில், தன் சொந்தப் பெயரில் இறந்தார்.