கிரகணம் விடும் வரை

“மத்த நாளெல்லாம் ஐன்ஸ்டைன், கிரகணத்தன்னிக்கு மட்டும் பூட்டா? ஒண்ணு அதை நம்பும்மா, இல்ல இதை நம்பு. ரெண்டு பக்கமும் பேசாதே!”

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து பூரணி மூன்றாவது தடவையாக இதையே கத்தினாள்.

“கத்தாதடி. வயித்துல இருக்கிறது பயந்துக்கும்,” என்று அவளுக்கு மேல் கத்தினாள் சௌந்தரவல்லி. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் கிளாரிஸ் வாசலில் செருப்பைக் கழற்றினார். சனிக்கிழமை பதினோரு மணி; பாட நேரம். கான்வென்ட்டில் இயற்பியல் எடுக்கும் சிஸ்டருக்கு முப்பத்தாறு வயது. மாணவி சௌந்தரவல்லிக்கு ஐம்பத்திரண்டு. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பு முப்பது வருஷமாக மண்டைக்குள் அரித்துக்கொண்டே இருந்ததில், போன வருஷம் சிஸ்டரைத் தெருவில் மறித்துக் கேட்டுவிட்டாள்: “சார்பியல்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்ல முடியுமா, முடியாதா?” முடியும் என்றார் சிஸ்டர். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

“இன்னிக்குப் பாடம் வேண்டாம் சிஸ்டர்.”

“யாரை உள்ள வெச்சுப் பூட்டியிருக்கீங்க?”

“அவளைத்தான்.”

சிஸ்டர் கதவைப் பார்த்தார்.

“ஏழு மாசம் சிஸ்டர். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி அடைச்சிருக்கேன். ஒண்ணேகாலுக்குத்தான் கிரகணம் விடும். அதுவரைக்கும் அவ மேல ஒரு பொட்டு வெளிச்சம் படக் கூடாது, பல்லுல தண்ணி படக் கூடாது.”

“சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க! உள்ள அடுப்பு மாதிரி இருக்கு!” என்றது கதவு.

கூடத்துச் சுவரின் மேலே காற்றுக்கு விட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வழக்கமான வட்டங்கள் இல்லை. எல்லாம் மேலே இருக்கும் கிரகணச் சூரியனைப் போலவே, கடித்து வைத்த பிஸ்கட் மாதிரி பிறையாகக் கிடந்தன. சௌந்தரவல்லி புடவையைச் சுருட்டிக்கொண்டு அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தாள். சிஸ்டர் குனிந்து ஒரு பிறை விழும் இடத்தில் உள்ளங்கையை நீட்டினார்.

“எனக்கு ஒண்ணும் ஆகலையே.”

“நீங்க என்ன புள்ளத்தாச்சியா?”

சிஸ்டர் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். “சரி. போன வாரப் பாடத்துல கிரகணம்னா என்னன்னு சொன்னீங்க?”

சௌந்தரவல்லி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். “சூரியனோட கனத்தால அதை ஒட்டி வர்ற வெளிச்சம் வளையும். பின்னால இருக்கிற நட்சத்திரம் இடம் தள்ளித் தெரியும். சூரியன் முழுசா மறைஞ்சாத்தான் அந்த நட்சத்திரம் கண்ணுக்குப் படும், அளக்க முடியும்.”

“இந்த வாரம்?”

“இந்த வாரம் எம் பொண்ணு உள்ள இருக்கா.”

சிஸ்டர் கதவருகே போய் நின்றார்.

“போன தடவை கிரகணத்தன்னிக்குச் சொல்லச் சொல்லக் கேக்காம மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வந்தா. பத்தே நாள். கலைஞ்சு போச்சு.”

“அதுக்கு முந்தினது?”

“அது மூணாம் மாசம்.”

“அன்னிக்கும் கிரகணமா?”

சௌந்தரவல்லி புடவைத் தலைப்பை முறுக்கினாள். பதில் உள்ளேயிருந்து வந்தது.

“அன்னிக்கு ஒண்ணுமே இல்ல சிஸ்டர். வெறும் செவ்வாக்கிழமை!”

சிஸ்டர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

“பாடம் வேண்டாம். நடந்த ஒண்ணைச் சொல்றேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலுல ரஷ்யாவுல முழு கிரகணம். வெளிச்சம் இவ்வளவு வளையும்னு ஐன்ஸ்டைன் அப்பவே ஒரு கணக்குப் போட்டு வெச்சிருந்தார். அதை அளக்க ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் டெலஸ்கோப்பைத் தூக்கிட்டுக் கிளம்பினார். போன இடத்துல யுத்தம் வந்துடுச்சு. எதிரி நாட்டுக்காரன்னு பிடிச்சு அடைச்சுட்டாங்க. கிரகணம் வந்துச்சு, போச்சு. அவரால ஒரு படம்கூட எடுக்க முடியல.”

“அடப் பாவமே.”

“அடுத்த வருஷம் ஐன்ஸ்டைனே தன் தப்பைக் கண்டுபிடிச்சார். பழைய கணக்குல பாதிதான் வந்திருந்தது. நிஜமான வளைவு அதைப் போல ரெண்டு மடங்கு. பத்தொன்பதாம் வருஷக் கிரகணத்துல இங்கிலீஷ்காரங்க போய் அளந்தாங்க. புதுக் கணக்குதான் நின்னுச்சு. உலகம் பூரா அவர் பேர் பரவினது அப்புறம்தான்.”

சௌந்தரவல்லிக்கு முகம் மலர்ந்தது. இந்த மாதிரி இடங்களில் அவள் மூளை யாருக்கும் காத்திருக்காது.

“அப்ப பதினாலுலயே அளந்திருந்தா கணக்கு தப்புன்னு ஊரே சிரிச்சிருக்கும். அந்த ஆளைப் பிடிச்சு அடைச்சதுதான் ஐன்ஸ்டைனைக் காப்பாத்தியிருக்கு! பார்த்தீங்களா சிஸ்டர், பூட்டி வைக்கிறதும் நல்லதுக்குத்தான்.”

“வெளியில இருந்தவர் பேர் தப்பிச்சுது,” என்றார் சிஸ்டர். “உள்ள இருந்தவரை யாரு கேட்டா?”

சௌந்தரவல்லி கதவைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் உள்ளேயிருந்து ஒரு சொல் போடுகிற பூரணி இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். வரவில்லை.

“தூங்கிட்டாளோ என்னவோ.”

“இருக்கலாம்.”

“கோவம் வந்தா இப்படித்தான், வாயை இறுக்கிக்கிட்டு உட்கார்ந்துப்பா.”

“இருக்கலாம்.”

கடிகாரத்தில் மணி பதினொன்றே கால். கிரகணம் விடுவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம். சௌந்தரவல்லியின் கை இடுப்புக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

“பயமா இருக்கு சிஸ்டர்.”

“எனக்கும்தான்.”

“உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் கிரகணத்தை நம்பறதே இல்லையே.”

“கிரகணத்தை நினைச்சு இல்ல சௌந்தராம்மா. நான் கதையை ஆரம்பிச்சதிலிருந்து உள்ள ஒரு சத்தம் இல்ல.”

சாவி இரண்டு தடவை துளையைத் தவறவிட்டது. மூன்றாவது தடவை திரும்பியது. கதவு ஒரு விரற்கடை உள்ளே போய், தரையோடு கிடந்த எதிலோ மெத்தென்று இடித்து நின்றது. அந்த இடுக்கில் வாயை வைத்து, இதுவரை அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் சௌந்தரவல்லி சொன்னாள்:

“பூரணி, கதவுல சாஞ்சுகிட்டா உட்கார்ந்திருக்கே? கொஞ்சம் தள்ளிக்கோடி கண்ணு.”