சிவப்புக் கோடு நனையவில்லை

அமைச்சரின் தலையில் ஒரு சொட்டு மழை விழவில்லை. அதனால் தணிகைமலைக்கு அரசுப் படகுக் கழகத்தின் தலைவர் பதவி கிடைத்தது. வேறு காரணம் தேடுகிறவர்கள் தாராளமாகத் தேடிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான்.

ஒரு பொதுக்கூட்டத்தில் அமைச்சர் பேச எழுந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அவர் மழைக்கெல்லாம் பேச்சைச் சுருக்குகிற ஆள் இல்லை. தணிகைமலை பின்னால் நின்று மூன்று மணி நேரம் குடை பிடித்தார். கை மாற்றவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தபோதும் அசையவில்லை. கூட்டம் முடிந்து காரில் ஏறும்போது அமைச்சர் தன் தலையைத் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. தண்ணீரோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தவன் கட்சியில் வேறு எவன் இருக்கிறான் என்று கேட்டார். கூட இருந்தவர்கள் யோசித்துப் பார்த்து, யாருமில்லை என்றார்கள். அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது.

அந்த உத்தரவு தணிகைமலையின் வீட்டில் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். பதினாறு வருடமாக அவருடைய மாமியார் சொர்ணத்தம்மாள் மருமகனை "அது" என்றுதான் சொல்லிவந்தாள். "அது எந்திரிச்சுதா, அது தின்னுச்சா" என்று மகளிடம் கேட்பாள். அது அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். உத்தரவு வந்த அன்று அந்த அம்மாள் முதல்முறையாக "மாப்பிள்ளை" என்றாள். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள். தணிகைமலை அதில் மெல்ல உட்கார்ந்தார். உயிரே போனாலும் இந்தப் பதவியை விடுவதில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டார்.

கழகத்துக்கு இருந்தது ஒரே படகு. பெயர் ஜலராணி. ஆறு கடலில் விழுகிற இடத்தில், வெள்ளாமுனைக்கும் எதிரே இருந்த கொக்குத்திட்டுத் தீவுக்கும் நடுவே ஓடியது. காலை ஏழேகாலுக்குக் கிளம்பும் என்று துறையில் பலகை மாட்டியிருந்தார்கள். ஒருநாளும் ஏழேகாலுக்குக் கிளம்பியதில்லை. ஓட்டுகிறவர் மிக்கேல், இருபத்திரண்டு வருடமாகச் சுக்கான் பிடிக்கிறவர். கழகத்தில் படகைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலோ என்னவோ, அவரைக் கேட்டு எதையும் செய்கிற வழக்கம் அங்கே கிடையாது.

தலைவருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேரை அமைச்சர் அனுப்பிவைத்தார். பாதுகாப்பு அதிகாரி கோதண்டம், அமைச்சர் கோயில்களுக்குப் போகும்போது வாசலில் நின்று அவருடைய செருப்பைக் காத்தவர். ஒன்பது வருடத்தில் ஒரு ஜோடிகூடக் காணாமல் போனதில்லை. பாதுகாப்புக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? தொழில்நுட்ப இயக்குநர் ஏகநாதன், கட்சிக் கூட்டங்களுக்கு மைக் செட் போட்டவர்.

கோதண்டம் வேலைக்கு வந்த அன்றே உயிர்காப்புச் சட்டைகளை எண்ணினார். அறுபத்து நான்கு. அவை படகில் கேட்பாரற்றுக் கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடலாமே. எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, ஓர் அறையில் அடுக்கி, பூட்டுப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தகர டோக்கன் அடித்தார். படகில் ஏறுகிறவர்கள் கையில் ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்.

மிக்கேல் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ஐயா, நடுத்தண்ணியில படகு முங்குனா ஜனங்க என்ன செய்வாங்க?"

"டோக்கனைக் கொண்டாந்து காட்டுனா சட்டையைக் குடுத்துருவோம்" என்றார் கோதண்டம். "டோக்கன் தொலஞ்சாத்தான் சிக்கல். பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க."

இப்படியாக எல்லாம் நல்லபடி நடந்துகொண்டிருக்கும்போது தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. படகின் பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஒன்று உள்ளது. எக்காரணம் கொண்டும் அந்தக் கோடு தண்ணீருக்குள் போகக்கூடாது. ஒருமுறை போனாலும் தலைவரின் பதவி பறிக்கப்படும். தணிகைமலை அதைப் படிக்கப் படிக்க வீட்டு நாற்காலி அவர் கண்முன்னால் வந்து நின்றது. மூன்று பேரும் துறைக்கு ஓடினார்கள். படகின் பக்கத்தில் கோட்டைக் காணோம். மிக்கேல் குனிந்து, தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, இங்கே இருக்கிறது என்றார்.

அதற்கு மருந்தும் அவரே சொன்னார். அடிப்பலகையில் ஓட்டை விழுந்திருக்கிறது, நாளுக்கு நாள் தண்ணீர் ஊறுகிறது. படகைக் கரையேற்றி அடைக்க வேண்டும். அதுவரைக்கும் பாதிப் பேரைத்தான் ஏற்ற வேண்டும். சொல்லிவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள்.

"சுற்றறிக்கையில ஓட்டைன்னு எங்கயாவது போட்டிருக்கா தலைவரே?" என்று கேட்டார் ஏகநாதன்.

தணிகைமலை தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இல்ல. கோடுன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நாம கோட்டைத்தான் பாக்கணும். கோடும் தண்ணியும் ஒண்ணு சேரக்கூடாது, அவ்வளவுதானே. ரெண்டுல ஒண்ணை நகத்தணும்."

"தண்ணியை நகத்த முடியாதா?"

"தண்ணி பொதுப்பணித் துறையோடது. எழுதிப் போட்டா பதில் வர ஒரு வருஷம் ஆகும். கோடு நம்மளது."

கோதண்டமும் தன் அனுபவத்தைச் சொன்னார். கோயில் வாசலில் மழைத் தண்ணீர் ஏறினால் அவர் மழையோடு சண்டைக்குப் போனதில்லை. செருப்பைத் தூக்கி மேல்படியில் வைப்பார். தணிகைமலைக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று மாலைக்குள் ஒரு டப்பா சிவப்பு பெயிண்ட் வாங்கி, பழைய கோட்டுக்கு இரண்டு முழம் மேலே புதுக் கோடு போட்டார்கள்.

மூன்று வாரத்தில் தண்ணீர் அதையும் எட்டிப் பிடித்தது. கோடு இன்னும் ஒரு சாண் ஏறியது. தண்ணீர் விடவில்லை, அவர்களும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் முறைப்படி கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, தூரிகையை எடுத்தார்கள். படகில் ஏறிய பெண்களின் புடவையிலெல்லாம் சிவப்பு ஒட்டியது. மிக்கேல் வந்து, கோடு ஏறவில்லை ஐயா, படகுதான் இறங்குகிறது என்று சொல்லிப் பார்த்தார். தணிகைமலைக்கு அந்தப் பேச்சு ரசிக்கவில்லை. அவர் வாராவாரம் தலைநகரத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரே வரிதான்: கோடு நனையவில்லை. வீட்டில் நாற்காலிக்கு மெத்தை வந்தது.

கோடு கைப்பிடிக் கம்பியைத் தொட்ட வாரம் இன்னொரு கடிதம் வந்தது. கொக்குத்திட்டு அம்மன் தேரோட்டத்தன்று ஆய்வாளர் பரிபூரணம் வருகிறார். கரையில் நின்று தொலைநோக்கி வைத்துக் கோட்டை மட்டும் பார்ப்பார். தேரோட்டத்தன்று இரண்டு மடங்கு கூட்டம் ஏறும். கம்பிக்கு மேலே பெயிண்ட் அடிக்கப் படகே இல்லை, ஆகாயம்தான் இருந்தது. தணிகைமலை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமியார் பரிமாறிக்கொண்டே "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன" என்று உருகியது அவரை இன்னும் கலங்கடித்தது.

வழி சொன்னவர் ஏகநாதன். மேடையில் குள்ளமானவர் பேசினால் மைக்கை இறக்குகிறோம், நெட்டையானவர் பேசினால் ஏற்றுகிறோம். மைக்கை மேடையோடு ஆணி வைத்து அடிக்கிறோமா? கோட்டை மட்டும் ஏன் படகோடு ஒட்டிவைத்து அவதிப்பட வேண்டும்? ஒரு பலகையில் கோடு போட்டு, மைக் ஸ்டாண்டில் மாட்டினால் ஏற்றலாம், இறக்கலாம். அப்படியே செய்து பார்த்தார்கள். அலையில் ஸ்டாண்ட் ஆடி விழுந்தது.

"ஸ்டாண்ட் எதுக்கு?" என்றார் தணிகைமலை. அவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் என்னவென்று சொல்ல. "நான் பிடிக்கிறேன்."

இரண்டு கோடு இருந்தால் ஆய்வாளருக்குக் குழப்பம் வரும் என்று, படகில் இருந்த பழைய கோடுகளையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள்.

தேரோட்டத்தன்று ஏழேகால் படகு ஒன்பது மணிக்குக் கிளம்பத் தயாரானது. நூற்றிருபது பேர் ஏறியிருந்தார்கள். முன்வரிசையில் பட்டுப்புடவையில் சொர்ணத்தம்மாள் உட்கார்ந்து, இது நம்ம மாப்பிள்ளையோட படகு என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்து நான்கு பேருக்கு டோக்கன் கிடைத்தது. மற்றவர்களிடம் கோதண்டம் வருத்தம் தெரிவித்தார்.

மிக்கேல் முதலில் ஓட்டமாட்டேன் என்றார். அப்படியானால் தானே ஓட்டுகிறேன் என்று ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டியதைப் பார்த்ததும், போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். தன் அண்ணன் தம்பிமாரின் மீன்பிடிப் படகுகள் நான்கைப் பின்னாலேயே வரச் சொன்னார். நேர்வழியில் போகாமல், நெஞ்சளவு தண்ணீர் மட்டுமே நிற்கிற மணல்திட்டின் மேலாகவே படகை விட்டார். அந்த மனிதர் மட்டும் இதையெல்லாம் செய்யாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

பாதி வழியில் தண்ணீர் உள்ளே வந்தது. கணுக்காலுக்கு வந்தபோது, படகின் ஓரத்தில் கோட்டுப் பலகையைப் பிடித்து நின்ற தணிகைமலை அதை ஒரு சாண் உயர்த்தினார். முழங்காலுக்கு வந்தபோது இன்னொரு சாண். ஜனங்கள் அலறியது அவர் காதில் விழாமல் இல்லை. ஆனால் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்கப் பயம். மீன்பிடிப் படகுகள் நெருங்கி வந்து குழந்தைகளை முதலிலும் பெண்களை அடுத்தும் வாரி ஏற்றிக்கொண்டன. மற்றவர்கள் குதித்து, மணலில் கால் ஊன்றி நடந்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. கடைசி ஆளும் இறங்கியதும் ஜலராணி மெல்லச் சரிந்து, மணல்திட்டின் ஓரத்துப் பள்ளத்தில் சறுக்கி, அடையாளமே இல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

நடுத்தண்ணீரில் தணிகைமலை மட்டும் நின்றார். கடல் ஏறுகிற நேரம். நெஞ்சளவு தண்ணீர் கழுத்தளவு ஆனது. தலைக்கு மேலே இரண்டு கையிலும் பலகை.

மிக்கேல் ஒரு மீன்பிடிப் படகைக் கிட்டத்தில் கொண்டுவந்தார். "ஐயா, கையைக் குடுங்க."

"ரெண்டு கையும் வேலையா இருக்கு மிக்கேலு."

"பலகையை விட்டுத் தொலைங்க ஐயா. தண்ணி ஏறுது."

"பலகை போனா நாற்காலி போயிரும்" என்றார் தணிகைமலை. அவர் குரல் உடைந்தது. "அந்த நாற்காலி வர்றதுக்குப் பதினாறு வருஷம் ஆச்சுப்பா."

மிக்கேலுக்கு எந்த நாற்காலி என்று புரியவில்லை. ஆனால் அழுகிற ஆளோடு என்ன வழக்காட முடியும்? ஒரு கயிற்றை எடுத்து அவர் இடுப்பில் கட்டி, கரைவரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். பலகை ஒரு விரல்கூட இறங்கவில்லை.

கரையில் கோதண்டத்தின் அறை முன்னால் நீண்ட வரிசை. சொட்டச் சொட்ட நனைந்து வந்த அறுபத்து நான்கு பேரும் டோக்கனைக் காட்ட, அவர் சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொருவருக்கும் ஒரு உயிர்காப்புச் சட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தன.

ஆய்வாளர் பரிபூரணம் தொலைநோக்கியை இறக்கிவிட்டு வந்து, கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு ஆற்றைப் பார்த்தார்.

"படகு எங்கே?"

"படகைப் பத்திச் சுற்றறிக்கையில ஒண்ணும் இல்லைங்களே" என்றார் தணிகைமலை பணிவாக.

ஆய்வாளர் தன் பையிலிருந்த நகலை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். இல்லைதான். கோடு நனையவில்லை, திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு குறையும் எழுதினார்: ஏழேகாலுக்குக் கிளம்ப வேண்டிய படகு ஒன்பது மணிக்குக் கிளம்பியது; இனி இப்படி நடக்கக்கூடாது.

அன்று வீட்டில் சொர்ணத்தம்மாள் ஈரப் பட்டுப்புடவையோடு நாற்காலியை எடுத்துப் போட்டாள். படகு போனால் போகட்டும், என் மாப்பிள்ளை தனக்குக் கொடுத்த பொறுப்பைக் கைவிடவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் தீவுக்குப் போக ஜனங்கள் துறைக்கு வந்தார்கள். கடல் வற்றிய காலை. மணல்திட்டின் மேல் இடுப்பளவுதான் தண்ணீர். சரியாக ஏழேகாலுக்கு மணி அடித்தது. கழகத்தின் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஏழேகால் படகு ஏழேகாலுக்குக் கிளம்பியது. தணிகைமலை பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். டோக்கனைக் கையில் இறுக்கிக்கொண்டு ஜனங்கள் இருவர் இருவராகப் பின்னால் இறங்கினார்கள். முண்டியடிக்காமல் வாங்க என்று ஏகநாதன் கரையிலிருந்து மைக்கில் சொன்னார். யாராவது வழுக்கி விழுந்தால் தூக்கிவிட வேண்டுமே என்று மிக்கேல் கடைசியில் நடந்தார்.

தலைவருக்கு அடுத்தபடி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொர்ணத்தம்மாள் வந்தாள். பாதி தூரம் போனதும் காலால் மணலைத் தடவிப் பார்த்து, மெல்லச் சொன்னாள்: "இங்கன கொஞ்சம் பள்ளமா இருக்கு மாப்பிள்ளை. இன்னும் ஒரு சாண் தூக்கிப் பிடிங்க."