குஞ்சம் உள்ளே மடிந்த கம்பளம்

வெகு காலத்துக்கு முன்னே செங்கழனி நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் ஆண்டான் என்பதைவிட அவன் கோபம் ஆண்டது என்பதுதான் சரி. காலையில் ஒருவன் கழுத்தில் மாலை போடுவான். பொழுது சாய்வதற்குள் அதே கழுத்துக்குக் கத்தி தேடுவான். அதனால் அரண்மனைக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் பகை நாடு. நாலு தலைமுறைக்கு முன் அங்கிருந்து பஞ்சம் பிழைக்க வந்த வடகரையார், கோட்டைக்குள் ஒரு தெருவில் குடியிருந்தார்கள். ஆட்டு மயிரில் கம்பளம் நெய்வது அவர்கள் தொழில். வீட்டுக்குள் பேசுவது அக்கரைப் பாஷை. ஆகாதவனுக்கு அந்த ஒன்று போதாதா?

ஒருநாள் ஓடத்துறையில் ஒரு வியாபாரியின் கம்பளக்கட்டு அவிழ்ந்தது. ஒரு மடிப்பிலிருந்து ஓலை எட்டிப் பார்த்தது. அதில் வடகரை எழுத்தில் கோட்டை ரகசியம் அத்தனையும் இருந்தது. சந்தைக் கூட்டத்தில் எவனோ செருகிவிட்டான் என்று வியாபாரி அழுதான்.

ஒற்றர் தலைவன் திரிபுவனன் மீசையை முறுக்கிக்கொண்டு சபைக்கு வந்தான். அமைச்சர் காரிநம்பியை மட்டம் தட்ட ஏழு வருஷமாகக் காத்திருப்பவன் அவன்.

"கம்பளம் அவர்களுடையது, எழுத்தும் அவர்களுடையது. இன்னும் என்ன வேண்டும் பிரபு?"

"எந்த வீட்டுக்காரன்?" என்று கேட்டார் காரிநம்பி.

"எந்த வீடானால் என்ன? எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்!"

ராஜா எழுந்துவிட்டான். "தெருவோடு பிடித்து யானைக் கொட்டாரத்தில் அடை! நாலாம் நாள் விடிவதற்குள் ஒற்றன் கிடைக்காவிட்டால் யானைகளை அவிழ்த்துவிடு!"

  காரிநம்பி முன்னால் வந்தார்.

"பிரபு, கொட்டாரத்துச் சாவி தங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். திரிபுவனனின் ஆட்களே காவல் நிற்கட்டும். விசாரிக்க நான் மட்டும் போய்வருகிறேன். ஒற்றனைப் பிடித்துத் தருகிறேன்."

"தராவிட்டால்?"

"முதல் யானையின் காலடியில் நான் படுத்துக்கொள்கிறேன்."

ராஜா சிரித்தான். 

கொட்டாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அடைந்து கிடந்தார்கள். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் யானைகள். சங்கிலி அசையும்போதெல்லாம் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். காரிநம்பி பிடிபட்ட கம்பளத்தை, மடிப்புக் கலையாமல், தெருவுக்கு மூத்த நெசவுக்காரி சிக்கம்மை முன்னால் வைத்தார். அவள் பதறிப் பின்வாங்கினாள்.

"யாரு செத்தது சாமி?"

"ஏன் தாயி?"

"குஞ்சத்தை உள்ள வச்சு மடிச்சிருக்கே! பொணத்துக்குப் போத்துறதத்தான் நாங்க இப்படி மடிப்போம். விக்கிறதை இப்படி மடிச்சா வீட்ல எழவு விழும். எங்கள்ல ஒரு பச்சப்புள்ளகூடச் செய்யாது."

வேற்றாள் வேலை என்று அமைச்சருக்கு விளங்கிவிட்டது. ஆனால் சிறையில் இருப்பவள் பேச்சை ராஜா நம்ப வேண்டுமே?

"எம்மகளுக்கு இது நெறமாசம் சாமி. யானை பிளிறினா வயித்தப் பிடிச்சுக்கறா. சீக்கிரம் எதாச்சும் பண்ணுங்க" என்றாள் சிக்கம்மை.

ராஜாவையும் அமைச்சரையும் தவிர, ஓலையில் இருந்த ரகசியம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். சேனாபதி, திரிபுவனன், திரிபுவனனின் மைத்துனன் கோளரி. பிடிபடும் வடகரை ஓலைகளைப் படித்துச் சொல்ல அமர்த்தப்பட்டவன் இந்தக் கோளரி. காரிநம்பி மூவரையும் தனித்தனியே பார்த்தார். "உமக்கு மட்டும் சொல்கிறேன்" என்று ஆளுக்கொரு பொய்யைக் காதில் போட்டார். சேனாபதியிடம் தெற்கு வாசல் கதவு பழுது என்றார். திரிபுவனனிடம் மேற்கு மதிலில் விரிசல் என்றார். கோளரியிடம் கிழக்கு அகழி வற்றிவிட்டது என்றார். யாரிடம் எதைச் சொன்னார் என்று எழுதி, முத்திரையிட்டு ராஜா கையில் கொடுத்தார். குஞ்சம் உள்ளே போன கம்பளம் வந்தால் நிறுத்தும்படி ஓடக்காரர்களுக்கும் சொல்லிவைத்தார்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பாகர்கள் அங்குசம் தீட்டுகிற சத்தம் அமைச்சரின் வீடுவரை கேட்டது.  உச்சிப்பொழுதில்தான் ஓடக்காரன் ஒரு கம்பளத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தான்.

சபை கூடியது. மடிப்புக்குள் ஓலை இருந்தது.

"கோளரி, படி" என்றான் ராஜா.

அவன் நெற்றி வியர்த்தது. "எழுத்து அழிந்திருக்கிறது பிரபு."

சிக்கம்மையை அழைத்து வந்தார்கள். அவள் தடங்கலில்லாமல் படித்தாள்: "கிழக்கு அகழி வத்திப்போச்சு. அமாவாசைக்குள்ள வந்துடுங்க."

ராஜா முத்திரையை உடைத்துப் பார்த்தான். முகம் கறுத்தது.

"பிரபு, இவர்கள் எல்லாரும் தங்கள் பூட்டுக்குள் இருக்கிறார்கள். சாவி தங்கள் இடுப்பில். இந்தக் கம்பளம் மட்டும் காலால் நடந்தா ஓடத்துறைக்குப் போனது?" என்றார் காரிநம்பி.

கோளரி தரையில் விழுந்தான். அவனை இழுத்துப் போனார்கள். "என் வீட்டுப் பிள்ளை பிரபு… நம்மவனாயிற்றே என்று…" திரிபுவனன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ராஜா முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். சிக்கம்மையைப் பார்த்து, "உங்கள் எல்லாரையும் மன்னித்தோம், போங்கள்" என்றான்.

அவள் போகவில்லை. 

"என்ன தப்புக்கு மன்னிக்கிறீங்க மகாராசா?"

போச்சு, குடி கெட்டது என்று சபையே கண்ணை மூடிக்கொண்டது. ராஜாவின் கை வாள்பிடிக்குப் போயிற்று. வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல விலகியது.

"தப்பு என்னுடையது" என்றான். "இனி இந்த நாட்டில் ஆள் இன்னான், செய்த குற்றம் இன்னது என்று சொல்லாமல் எவரையும் தொடக்கூடாது. திரிபுவனா, இந்தா சாவி. ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைத்து வெளியே விடு."

திரிபுவனன் கொட்டாரத்துக் கதவைத் திறந்து நின்றான்.  ஒரு தெருவையே யானைக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு, உள்ளே இருந்தவர்களில் ஒருவர் பேர்கூடத் தெரியவில்லை. முன்னால் நின்றவள் நிறைமாதக்காரி. அவள் முன் தலையைக் குனிந்துகொண்டு, "உன் பேர் என்ன தாயி?" என்று கேட்டான்.