இடற ஒரு கால்

ராயபுரம் கோதாவில் குஸ்தி சொல்லித்தரும் வஸ்தாது ரங்கநாதம் வைத்ததுதான் சட்டம். எதிராளியின் காலை இடறி மல்லாக்கத் தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பெருமையை அவரே தினமும் சொல்லிக்கொள்வார்.

போலியோவில் இரண்டு காலும் சூம்பிப்போன தணிகைவேலு, கைகளை ஊன்றி நகர்ந்தே அங்கே வந்து சேர்ந்தான்.

"குஸ்தி கத்துக்கணும் வஸ்தாது."

"நிக்கவே முடியல, உனக்குக் குஸ்தியா? என்னைத் தோக்கடி, சேத்துக்கறேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"முழங்கால் மண்ணுல பட்டா தோல்வியா வஸ்தாது?"

"முதுகு பட்டாதான் தோல்வி. இதுகூடத் தெரியாம வந்துட்டான்."

"அப்ப சரி" என்று தணிகைவேலு மண்ணைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு கோதாவுக்குள் இறங்கினான்.

வஸ்தாது பழக்கதோஷத்தில் காலை வீசினார். இடறுவதற்கு அங்கே நிற்கிற கால் ஏது? வந்த காலை, வருஷக்கணக்காக உடம்பைச் சுமந்த இரண்டு கைகள் பிடித்துக்கொண்டன. ஒரே இழுப்புதான். வஸ்தாது மல்லாந்து கிடந்தார்.



தணிகைவேலு அவர் பக்கத்தில் நகர்ந்து வந்து பணிவாகக் கேட்டான்.

"பாடத்தை இப்படியே ஆரம்பிக்கலாமா வஸ்தாது, இல்ல, எழுந்து நின்னாதான் உங்களுக்குச் சொல்லித்தர வருமா?"