வாசல் கட்டுகிறவர்

பனிச்சரிவில் வாசல் கட்டும் வேலையைக் குகதாசனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நிருபா. அவரைவிட மிகவும் இளையவள். சிறுபிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சுவிசுக்கு வந்தவள், அந்த மலையூரிலேயே வளர்ந்து, அந்தச் சரிவிலேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். குகதாசன் சமையல்காரராக இருந்த உணவகம் பூட்டப்பட்டபோது அவரைக் கூட்டிக்கொண்டுபோய் வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். ஆனால் ஒன்று விளங்கவில்லையென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவளுக்கு முன்னால் போய் நிற்பார்.

அவள் வாயால் விளக்கம் சொல்வது குறைவு.

கட்டை பூட்டிப் பனியில் சறுக்கி வருகிறவர்கள் எங்கே திரும்ப வேண்டும் என்று காட்டுவதற்காகச் சரிவு நெடுகச் சோடி சோடியாகக் கம்பம் நடுவார்கள். சோடிக்கு நடுவில் சிவப்பிலோ நீலத்திலோ ஒரு துணி. அங்கே வேலைசெய்கிற தமிழர்கள் அதை வாசல் என்றார்கள். உண்மையில் அதற்குள்ளால் ஒருவரும் போவதில்லை. தோளால் உரசிக்கொண்டு பக்கத்தால் வளைந்து போவார்கள். துணியின் ஓர் ஓரத்தை உறைபோல ஒரு கம்பத்தில் கொளுவி, மற்ற ஓரத்தை மற்றக் கம்பத்தில் சுற்றி, இழுத்தால் பிரிகிற ஒட்டுப்பட்டியை அழுத்திவிட்டால் வேலை முடிந்தது.

குகதாசனுக்கு அது போதவில்லை. கையுறையைக் கழற்றி, காற்சட்டைப் பையிலிருந்து நைலோன் கயிற்றை எடுத்து, ஒட்டுப்பட்டிக்கு மேலால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். பிறகு துணியைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். அசையாது. மலையில் காற்று எழும்பினால் மற்றவர்கள் கட்டிய துணிகள் ஒட்டுப்பட்டி பிய்ந்து ஒரு பக்கம் பறந்து அடிக்கும். அவருடையது நிற்கும். அந்தக் குளிர்மாரியில் அவருக்கு நிம்மதி தந்தது அது ஒன்றுதான்.

நிருபா ஒவ்வொரு காலையும் வந்து அந்த முடிச்சுகளை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"காத்துக்குப் பறக்காம இருக்கத்தானே கட்டுறம், தங்கச்சி?"

"காத்துக்காகக் கட்டேல்லை, அண்ணை."

"பின்னை ஆருக்காக?"

"மேலயிருந்து வாறவைக்காக."

அவ்வளவுதான். அடுத்த சோடிக் கம்பத்துக்கு நடந்துவிட்டாள்.

பிற்பகலில் வேலை முடிந்ததும் குகதாசன் ரயில் ஏறிப் பள்ளத்தாக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போவார். இலையுதிர் காலத்தில் அவருடைய மனைவி இராசமலர் உடுப்புத் தோய்க்கும் அறையில் விழுந்து கிடந்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து இயந்திரம்தான் அவளுக்காக மூச்சு விட்டது. குகதாசன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். சரிவில் எத்தனை பேர் விழுந்தார்கள், கடையில் மீன் என்ன விலை, எல்லாம் சொல்லுவார். வாய்க்குள் விட்டிருந்த குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்டர் அவளுடைய வாயோரத்தைப் புண்ணாக்கியிருந்தது. தாதிமார் களிம்பு பூசுவார்கள். ஆறாது. அந்தப் புண்ணை மட்டும் அவர் பார்ப்பதில்லை.

வைத்தியர் ஒருநாள் அவரையும் மகள் ஆரபியையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார். குகதாசனுக்கு முழுக்க விளங்காத அந்த ஊர் மொழியில் மெதுவாக, நீண்ட நேரம் பேசினார். ஆரபி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றார் குகதாசன்.

"இனி அம்மா எழும்ப மாட்டாவாம், அப்பா. மிசின் மட்டும்தான் வேலை செய்யுதாம். அதை நிப்பாட்டுறதைப் பற்றி எங்களிட்டைக் கேக்கினம்."

"வேண்டாமெண்டு சொல்லு."

"அப்பா."

"எனக்கு விருப்பமில்லையெண்டு சொல்லு."

ஆரபி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "உங்கடை விருப்பத்தை அவை கேக்கேல்லை. அம்மாவுக்குக் கதைக்க ஏலுமெண்டால் அவ என்ன சொல்லியிருப்பா எண்டு கேக்கினம்."

குகதாசன் எழுந்து வெளியே போய்விட்டார். ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வந்தும் மகளுடன் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வருகிற நேரத்தில் அவர் போகமாட்டார். பெற்ற பிள்ளை தாயைக் கைவிட்டுவிட்டாள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

சில நாள் கழித்து மலையில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. போட்டிக்காகப் பழகுகிறவர்கள் மேலே வரிசையில் நின்றார்கள். நிருபா சரிவின் கீழ்ப்பக்கத்தில் நின்ற நேரம் பார்த்து, குகதாசன் நடுச்சரிவில் நின்ற ஒரு நீல வாசலில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். இன்றைக்கு இது ஒன்றாவது நிற்கட்டும் என்று நினைத்தார்.

இளம் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். வளைவில் சற்று உள்ளே வந்துவிட்டாள். அவளுடைய கை துணிக்குள் மாட்டியது. துணி விடவில்லை. உடம்பு ஒரு பக்கம் போக, கை அங்கேயே நின்றது. கம்பம் இரண்டும் வேரோடு பிடுங்கியதுபோலக் கிளம்பி அவளுக்கு மேல் விழுந்தன.

அவள் போட்ட சத்தம் குகதாசன் முன்பு எங்கும் கேளாத சத்தம்.

மீட்புக்காரர் வந்தார்கள். தோள்மூட்டு கழன்றுவிட்டது என்றார்கள். நிருபா பனியில் முழங்காலில் இருந்து, சின்னக் கத்தியால் அந்தக் கயிற்றை அறுத்துத் துணியிலிருந்து பெண்ணின் கையை எடுத்துவிட்டாள். பயிற்சியாளர் துணியைத் தூக்கிப் பிடித்து, ஆர் கட்டியது என்று கேட்டார்.

"நான்," என்றார் குகதாசன்.

பயிற்சியாளர் துணியைக் கீழே போட்டார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய்விட்டார்.

நிருபா ஏசுவாள் என்று குகதாசன் நின்றார். அவள் கத்தியைத் துடைத்து மடக்கினாள். சரிந்த கம்பங்களைத் தூக்கி, கிளம்பிய குழியைப் பனி போட்டு மிதித்தாள். அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"என்னை வேலையாலை நிப்பாட்டப் போறியளோ?"

"நாளைக்கு வெள்ளனவா வாங்கோ," என்றாள்.

அன்று அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டில் குசினி லைற்றைப் போடாமல் இருந்தார். ஆரபி கதவைத் தட்டி, சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று உள்ளேயிருந்தே பொய் சொன்னார்.

காலையில் அவர் போனபோது சரிவில் வேறு ஒருவரும் இல்லை. வானம் சாம்பல் நிறத்தில் கீழே இறங்கியிருந்தது. நிருபா ஒரேயொரு சோடிக் கம்பத்தை நட்டுவிட்டுக் காத்திருந்தாள். பக்கத்தில் சிவப்புத் துணி ஒன்று சுருட்டிக் கிடந்தது. அவளுடைய சறுக்குக் கட்டைகளும் இருந்தன.

"எனக்கு விளங்கேல்லை, தங்கச்சி," என்றார் குகதாசன். "இறுக்கினாலும் பிழை. தளர விட்டாலும் பிழை. எவ்வளவுதான் இறுக்கிறது? அதை மட்டும் சொல்லித் தாங்கோ."

"கட்டுங்கோ."

"எவ்வளவு?"

"உங்கடை மனம் ஆறுற அளவுக்கு. நான் மேலயிருந்து வாறன். பக்கத்தாலை இல்லை, நேரா துணிக்கு வருவன்."

கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள்.

குகதாசன் துணியை விரித்தார். கம்பத்தில் சுற்றி ஒட்டுப்பட்டியை அழுத்தினார். காற்று துணியின் வயிற்றை ஊதி இழுத்தது. இப்போது பிய்ந்துபோகும், இப்போது பிய்ந்துபோகும் என்று மனம் அடித்துக்கொண்டது. நேற்றுப் பார்த்தது எல்லாம் தெரியும். தெரிந்தும் கை தானாகப் பைக்குள் போனது. கயிற்றை எடுத்தது. சுற்றியது. முடிச்சை இறுக்கியது. துணி அடங்கி நின்றபோது நெஞ்சும் அடங்கியது.

அண்ணாந்து பார்த்தார்.

மேலே நிருபா ஒரு புள்ளியாக நின்றாள். பிறகு புள்ளி அசைந்தது.

வளையவில்லை. நேராக வந்தாள். முதலில் சத்தமே இல்லை. பிறகு கட்டைகள் பனியைக் கீறும் சத்தம் கேட்டது. அவளுடைய தொப்பியின் நிறம் தெரிந்தது.

"நில்லுங்கோ," என்றார் குகதாசன்.

முடிச்சில் விரலை வைத்தார். கையுறை வழுக்கியது. பல்லால் கடித்துக் கையுறையை இழுத்து எறிந்தார். விரல் விறைத்துப்போயிருந்தது. நகம் மடிந்து இரத்தம் கசிந்தது. முடிச்சு அவருடைய முடிச்சு. அவிழ்வதற்காக அவர் போட்டதில்லை. குனிந்து கம்பத்தோடு முகத்தை அழுத்திப் பல்லால் கயிற்றைக் கவ்வி இழுத்தார். வாயோரம் கம்பத்தில் உரசி எரிந்தது. ஒரு சுற்று நெகிழ்ந்தது. மற்றச் சுற்றும் கழல, கயிற்றைக் கவ்வியபடியே பின்பக்கமாக விழுந்தார்.

சீலை கிழிவதுபோல ஒட்டுப்பட்டி விட்டது. காற்று ஒன்று அவரைத் தாண்டிப் போனது.

எழும்பிப் பார்த்தபோது நிருபா கீழே கட்டைகளைக் குறுக்கே திருப்பி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. குகதாசன் பனியில் இருந்தபடி வாயிலிருந்து கயிற்றை எடுத்தார். வாயோரத்தைத் தடவினார். விரலில் இரத்தம் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிருபா ஏறி வந்து அவருக்குக் கைகொடுத்து எழுப்பினாள். விளங்கிச்சுதோ என்று அவள் கேட்கவில்லை.

"நான் கீழ போகோணும், தங்கச்சி," என்றார்.

"போட்டு வாங்கோ."

ஆஸ்பத்திரியில் ஆரபி தாயின் தலைமயிரைச் சீவிக்கொண்டிருந்தாள். தகப்பனைக் கண்டதும் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். அவர் அவளுடைய தோளைப் பிடித்து இருத்தினார். கட்டிலுக்கு மற்றப் பக்கம் போய், குனிந்து, இராசமலரின் வாயோரப் புண்ணை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"அம்மா என்ன சொல்லியிருப்பா, பிள்ளை?"

ஆரபி சீப்பைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நாளும் என்னை ஏன் பிடிச்சு வைச்சிருந்தனீங்கள் எண்டு உங்களை ஏசியிருப்பா."

குகதாசனுக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்தது. பிறகு கதிரையில் இருந்து, முகத்தைக் கட்டில் விரிப்பில் புதைத்து, தோள்கள் குலுங்க அழுதார். மகள் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகலில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். முதலில் அதன் சத்தம் போனது. பிறகு அவளுடைய மூச்சு கொஞ்சநேரம் தனியாக நடந்தது. பிறகு அதுவும் நின்றது. கை மட்டும் அவருடைய மடியில் நெடுநேரம் சூடாக இருந்தது.

எரித்தார்கள். சாம்பலைச் சின்னப் பெட்டியில் தந்தார்கள். செத்தவீட்டுக்கு வந்த சனம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசியது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கனடாவில் ஒருத்தி ஒரு வருசத்துக்குப் பிறகு கண் விழித்தவளாம் என்று இன்னொருவர் சொன்னார். குகதாசன் சுவரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்ததும் மலைக்குப் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை.

சரிவில் பனிப்புகார் மூடியிருந்தது. நிருபா அவரைக் கண்டு தலையசைத்து, துணிக்கட்டில் பாதியை அவரிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். குகதாசன் ஒட்டுப்பட்டியை அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போனார். இழுத்துப் பார்க்கவில்லை. அவருடைய முகம் மரத்துப்போயிருந்தது.

பழகுகிறவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். புகாருக்குள்ளிருந்து ஒருவன் வெளிப்பட்டு, அவர்கள் நின்ற இடத்துக்கு மேலே ஒரு வாசலைத் தோளால் மோதிக்கொண்டு மறைந்தான். ஒட்டுப்பட்டி பிரிந்த சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள்.

துணி ஒரு கம்பத்தை விட்டுவிட்டுக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. குகதாசன் அதன் நுனியைப் பிடித்தார். கம்பத்தில் ஒட்டவில்லை. பிடித்தபடியே நின்றார்.

"அவசரப்பட்டிட்டன் எண்டு சொல்லுகினம், தங்கச்சி."

நிருபா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆர் என்ன சொன்னாலும் பரவாயில்லை. எனக்கே தெரியுது. என்ரை கையாலை விட்டிட்டன். அவளை விட்டிட்டன்."

காற்று துணியை அவருடைய பிடியிலிருந்து பறித்தது. துணி போய்விடவில்லை. அதன் மற்ற ஓரம் உறைபோலத் தைக்கப்பட்டு, மற்றக் கம்பத்தில் மேலிருந்து கீழ்வரை கொளுவியிருந்தது. அந்தத் தையலில் நிருபா உள்ளங்கையை வைத்தாள்.

"விட்டது ஒரு பக்கம்தான், அண்ணை."